சொல்லுக்குச் சொல் நகர்ந்த கப்பல்

எங்கள் தெருவில் முதன்முதலாக ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருள் செலஸ்தீனாவுக்கு விளங்கிய அந்த நிமிஷத்தில், மலாக்கா நீரிணைக்கும் அந்தப்புறம் நங்கூரம் போட்டு நின்றுகொண்டிருந்த அட்ரியானா என்ற சரக்குக் கப்பல், என்ஜின் ஓடாமல், நங்கூரமும் தூக்காமல், தூத்துக்குடியைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்தது. அதைக் கேட்டு நாங்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. அந்த வருஷம் மாதா கோயிலையே பூட்டி வைத்திருந்தார்கள், தெருமுனையில் தகரம் அடித்து எங்களை உள்ளே போட்டிருந்தார்கள், ஏலம் எடுக்க ஆள் இல்லாமல் நல்ல சீலா மீனைக் கருவாட்டுக்கு வெட்டினார்கள், செத்தவர் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று உத்தரவு வந்திருந்தது. இத்தனையும் நடக்கிற ஊரில் ஒரு கப்பல் தானாக நகர்ந்தால் நகர்ந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தது.

அந்தக் கப்பலில் செலஸ்தீனாவின் புருஷன் வலேரியன் இருந்தான். என்ஜின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை, ஆயிலர் என்பார்கள். கான்ட்ராக்ட் முடிந்து ஒரு கோடை போயிருந்தது. கப்பல் நிறையக் கால்பந்துகள்; உலகத்தில் எங்கும் ஆட்டம் இல்லாததால் வாங்க வேண்டியவன் வேண்டாம் என்றுவிட்டான், அனுப்பியவனும் திரும்ப எடுக்க மாட்டேன் என்றுவிட்டான், எந்தத் துறைமுகமும் அடுத்த நாட்டுக்காரனைக் கரையில் கால்வைக்க விடவில்லை. அவனவன் நாட்டுத் துறைமுகத்தில் மட்டும் அவனவனை இறக்கலாம் என்று விதி, ஆனால் எண்ணெய் செலவாகும் என்று முதலாளி கப்பலை எங்கும் போகச் சொல்லவில்லை. அதனால் அது நின்ற இடத்திலேயே நின்றது.

நின்ற கப்பலில் வலேரியனின் பேச்சு குறைய ஆரம்பித்தது. அவன் எங்கள் தெருவின் பெரிய வாயாடி, பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் வீட்டாரை வாயே திறக்கவிடாமல் பேசி, கடைசியில் பெண்ணைப் பார்க்க மறந்து திரும்பி வந்து, மறுபடி ஒரு தடவை போய்ப் பார்த்தவன். அப்பேர்ப்பட்டவனிடமிருந்து முதலில் கதைகள் போயின, பிறகு கேள்விகள் போயின, பிறகு பொருள்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. "நம்ம வீட்டுல தண்ணி மோந்து குடிக்கோமே, அது" என்று ஒருநாள் போனில் கேட்டான். "சொம்பா?" என்றாள் செலஸ்தீனா. "ம்" என்றான். இன்னொரு நாள் வீடியோவில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை, அவள் பெயரைத்தான் தேடுகிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "செலஸ்டி" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். அவன் தலையை ஆட்டினான்.

அன்றைக்கு அவள் அடுத்த வீட்டுப் பிலோமியிடம் சொன்னாள்: "இருக்க வார்த்தையெல்லாம் தீர்ந்து போறதுக்குள்ள அவுகளக் கரைக்குக் கொண்டாந்துரணும் யக்கா. தீர்ந்து போச்சுன்னா, வாறது அவுகளா இருக்காது." பிலோமி மீன் விற்கிறவள், யாரிடமும் சட்டென்று பதில் பேசி அனுப்புகிறவள், அன்றைக்குக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஏஜென்ட் ஆபீஸில் போனை எடுப்பதில்லை. தமிழ்ச் செய்தியில் எத்தனை பேர் செத்தார்கள், எந்தத் தெருவுக்குத் தகரம் என்பது மட்டும் வந்தது. கப்பலைப் பற்றி யாராவது பேசுகிறார்கள் என்றால் அது மத்தியானம் ஓர் ஆங்கில சேனலில் வந்த உலக வியாபாரச் செய்தியில்தான். அதில் கோட்டுப் போட்ட ஒரு பெண் கப்பல் படங்களைக் காட்டிக் காட்டி என்னவோ சொல்வாள். பத்தாவது வரை தமிழில் படித்த செலஸ்தீனா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அதன் முன்னால் உட்காருவாள், ஒன்றும் விளங்காது, ஆனாலும் அந்தக் கோட்டுக்காரி தன் புருஷனைப் பற்றித்தான் பேசுகிறாள் என்ற நம்பிக்கையில் முடிகிறவரை எழுந்திருக்க மாட்டாள். அடிக்கடி வருகிற சொல்லை மட்டும் போனில் அடித்துத் தமிழ் அர்த்தம் பார்ப்பாள். அர்த்தம் வரும், விளக்கம் வராது.

அப்படித்தான் 'ஷார்ட்டேஜ்' என்ற சொல் வந்தது. கண்டெய்னர் ஷார்ட்டேஜ் என்று கோட்டுக்காரி தினமும் சொன்னாள். போன் அதற்குப் பற்றாக்குறை என்றது. ஆனால் டிவியில் ஒரு நாட்டுத் துறைமுகத்தில் காலி கண்டெய்னர்கள் மலைமலையாகக் கிடந்தன, இன்னொரு நாட்டில் சரக்கு ஏற்ற ஒன்றுகூட இல்லாமல் ஆட்கள் தலையில் கைவைத்து நின்றார்கள். "இவ்வளவு கெடக்கு, பின்ன என்ன பற்றாக்குறை?" என்று சொல்லிக்கொண்டே அவள் விளக்குமாற்றை எடுத்தாள், கொடியில் மடித்துப் போட்டிருந்த வலேரியனின் சட்டை கண்ணில் பட்டது, கை நின்றுவிட்டது. இல்லாமல் போனதற்கான பெயர் அல்ல அந்தச் சொல். இருக்கிறது, முழுசாக இருக்கிறது, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அவள் விளக்குமாற்றோடு தரையில் உட்கார்ந்து, கப்பல் நின்ற நாளிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதாள்.

அப்போதுதான் போன் அடித்தது. வலேரியன். அவனாகக் கூப்பிட்டு வெகு நாளாயிருந்தது. "கப்பல் நகருது" என்றான். அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அவனிடம் இல்லை.

கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டுகிற ஆப் ஒன்று மக்ரூன் இனிப்புக் கடை லாசர் அண்ணாச்சியின் போனில் இருந்தது. கடலில் ஒவ்வொரு கப்பலும் சின்னப் பச்சை அம்பாகத் தெரியும். செலஸ்தீனா அங்கே ஓடிப்போய் நடந்ததைச் சொல்லி, அட்ரியானாவின் அம்பைக் காட்டச் சொன்னாள். செலஸ்தீனாவுக்கு அடுத்த சொல் விளங்கியபோது அம்பு நகர்ந்ததை அவரே பார்த்தார், அதற்கடுத்த சொல்லுக்கும் பார்த்தார், பிறகு வாசற்படியில் நின்று தெருவுக்கே கேட்கும்படி, "ஏ, எல்லாரும் இங்கிலீஷ் செய்தியப் போடுங்க, நம்ம வலேரியன இழுத்துட்டு வந்துருவோம்" என்று சொன்னார். ஏன், எப்படி என்று யாரும் கேட்கவில்லை. வலையை இழுக்கக் கூப்பிட்டால் ஆளுக்கொரு கை கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். தெரு முழுக்க மத்தியானச் சோறு செய்திக்கு முன்னாலேயே முடிந்தது, ஜன்னலுக்கு ஜன்னல் கோட்டுக்காரியின் குரல் கேட்டது.

ஆனால் அர்த்தம் தெரிந்தால் மட்டும் போதாது, சொல் அவரவர் வயிற்றுக்குள் இறங்க வேண்டும் என்பது சீக்கிரமே தெரிந்துபோயிற்று. 'சப்ளை செயின்' என்றால் விநியோகச் சங்கிலி என்று அத்தனை பேரும் மனப்பாடமாகச் சொன்னார்கள், அம்பு அசையவில்லை. லாசர் அண்ணாச்சி மட்டும், முட்டை இருக்கிறது, சீனி இருக்கிறது, முந்திரிப்பருப்பு இல்லை என்று கொல்லத்துக்குப் போன் போட்டவர், கொல்லத்துக்காரர் ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வரவில்லை என்று சொன்னதும், தன் வாழ்நாளில் தூத்துக்குடியைத் தாண்டித் தான் யோசித்தே பார்த்திராத ஒரு மக்ரூனுக்குப் பின்னால் முகம் தெரியாத எத்தனை பேர் கைகோத்து நிற்கிறார்கள், அதில் எவனோ ஒருவன் கையை விட்டால் தன் அடுப்பு அணைகிறது என்பது புரிந்து, வெள்ளைக்கரு அடிக்கிற பாத்திரத்தின் முன்னால் அப்படியே நின்றார். அட்ரியானா நீரிணையை அந்த ஒரு சொல்லில் கடந்தது.

'பேக்லாக்', அதாவது முடிக்காமல் தேங்கிக் கிடக்கிற வேலை, முடிவெட்டுகிற இன்னாசிக்கு விளங்கியது. கடை பூட்டிக் கிடக்க, அவர் வாசலில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார், இத்தனை தலையும் ஒரே நாளில் வந்து நாற்காலியில் உட்காரப்போவதை நினைத்துத் தன் ஒற்றைக் கத்தரிக்கோலை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தார். 'டிமாண்ட்' பிலோமிக்கு, தகரத்துக்கு அந்தப்பக்கம் நின்று ஆட்கள் மீன் கேட்டுக் கத்த, இந்தப்பக்கம் கூடையோடு இவள் நின்றபோது. எனக்கு விளங்கியது 'டெமரேஜ்', அதாவது இறக்க வேண்டிய சரக்கை நேரத்தில் இறக்காமல் வைத்திருந்தால் கட்டுகிற தண்டம். ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்து ஊரடங்கில் மாட்டிக்கொண்ட என் மச்சினன், வீட்டு நெத்திலிக் கருவாட்டையெல்லாம் தின்று முடித்துவிட்டுப் பெட்டியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்ததை நான் பார்த்தபோது அது என் வயிற்றில் இறங்கியது. அன்றைக்குக் கப்பல் நல்ல வேகத்தில் வந்ததாக அண்ணாச்சி சொன்னார். 'குவாரன்டைன்' மட்டும் யாருக்கும் தனியாக இல்லை, எல்லோருக்கும் ஒரே சமயத்தில் விளங்கிவிட்டதால் அம்பு துள்ளி விழுந்தது.

நாளாக ஆக வீடுகளுக்கே அந்தப் பெயர்கள் ஒட்டிக்கொண்டன. லாசர் அண்ணாச்சி வீடு சப்ளை செயின் வீடு, இன்னாசி வீடு பேக்லாக் வீடு. தகரத்தடியில் நின்ற போலீஸ்காரர் பால் வாங்கப் போன ஒரு பெண்ணிடம் எந்த வீடம்மா என்று கேட்க, அவள் "டெமரேஜுக்கு எதுத்த வீடு சார்" என்றாள். அவர் வெயிலில் நின்று நின்று களைத்திருந்தார், சரி போ என்றுவிட்டார்.

எங்களுக்கென்று உள்ள ஒரு தப்பையும் நாங்கள் செய்தோம். சொற்கள் ஒவ்வொன்றாக இறங்குவது பொறுக்காமல், ஜெபமாலைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிற மதலேனம்மாள், கோயில் பூட்டியிருந்தால் என்ன, வாசற்படிக்கு வாசற்படி ஜெபம் சொல்லுகிறோமே, அதே மாதிரி இதையும் மன்றாட்டாகச் சொல்லிவிட்டால் கப்பல் ஒரேயடியாக வந்துவிடும் என்று முடிவுகட்டினாள். சாயங்கால மணி அடித்ததும் அவள் தன் வாசலில் நின்று கணீரென்று, "சரக்குக் கட்டண உயர்வாகிய ஃப்ரெய்ட் ரேட்டே" என்பாள், தெரு முழுக்க "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்போம். "இறக்குமதி வரியாகிய டாரிஃபே." "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." கேட்க உருக்கமாகத்தான் இருந்தது, இரண்டு பேர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள். கப்பலோ நடுக்கடலில் நின்ற இடத்திலேயே வட்டம் அடிக்க ஆரம்பித்தது, மணிக்கணக்காகச் சுற்றியது, மாலுமிகள் எல்லாம் வாந்தி எடுத்தார்கள். பங்குச் சாமியார் மதலேனம்மாளுக்குப் போன் போட்டார். "ஏம்மா, இந்த டாரிஃபு எந்த ஊருப் புனிதரு?" என்று சாந்தமாகக் கேட்டார். மன்றாட்டு அத்தோடு நின்றது, மதலேனம்மாள் அவரோடு கொஞ்சநாள் பேசவில்லை.

கப்பல் வட்டம் அடித்த செய்தியை எங்களுக்குச் சொன்னது வலேரியன் இல்லை, ஜொனெல் என்கிற பிலிப்பைன்ஸ்காரன். கப்பலில் போசன், மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவன். வலேரியன் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க ஆரம்பித்தபிறகு, இவன்தான் அதை வாங்கி அவன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வான். "வலேரியன் ஈட்டிங். வலேரியன் ஸ்லீப்பிங். டாக்கிங், நோ" என்பான். செலஸ்தீனா அவனுக்கு ஒவ்வொரு தடவையும் தேங்க்யூ சொல்லுவாள், சொல்லிவிட்டுப் புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் கண்ணில் மட்டும் இன்னும் பேச்சு இருந்தது.

நிக்கோபார் தீவுகளுக்குப் பக்கத்தில் கப்பல் நின்றுவிட்டது. நாங்கள் புதுச் சொல் ஒன்றை விளங்கிக்கொண்டால் இந்தப்பக்கம் கொஞ்சம் வரும், உடனே அந்தப்பக்கம் அவ்வளவும் போகும். யாரோ படித்ததை மறந்திருக்கிறார்கள் என்று ஒருவரையொருவர் சந்தேகப்பட்டோம். நான் டெமரேஜை மறந்துவிட்டேன் என்று இன்னாசி என்னிடம் சொன்னார். என் மச்சினன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறான், நான் எப்படி மறப்பேன் என்றேன். தெருவே இன்னும் பலமாகப் படித்தது, கோட்டுக்காரி போதாதென்று ராத்திரிச் செய்தியும் கேட்டது, இழுக்க இழுக்க அம்பு நடுங்கியதே தவிர நகரவில்லை. அப்புறம் ஒருநாள் ஜொனெல் போனில் வந்தான். கப்பலின் நடுவில் இரும்புத் தகடு முனகுகிறது என்றான், என்ஜின் அறையில் ஓரிடத்தில் தகடுகளின் தையல் விட்டுத் தண்ணீர் கசிகிறது என்றான், வலேரியன்தான் அங்கே சாக்கை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "மை வைஃப் ஆல்சோ, சேம் நியூஸ் வாட்சிங். ஹோல் ஸ்ட்ரீட்" என்றான்.

இலோயிலோ என்ற பிலிப்பைன்ஸ் ஊரில் அவன் பெண்டாட்டி ரோவேனாவும் அதே கோட்டுக்காரியின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் தெருவும் எங்கள் தெருவைப் போலவே ஜன்னலுக்கு ஜன்னல் சொல் பிடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் மேற்கே இழுத்தோம், அவர்கள் கிழக்கே இழுத்தார்கள், நடுவில் ஒரு கப்பல் கிழிந்துகொண்டிருந்தது.

தெருவில் கோபம் வந்தது, வராமலா இருக்கும். "நாமதான முதல்ல பிடிச்சோம்" என்றார் லாசர் அண்ணாச்சி. "அவுகளுக்கு வெளங்காத வார்த்தையா பாத்துப் பிடிப்போம். முந்திரி வெலையெல்லாம் அவுகளுக்கு என்ன தெரியும்?" பிலோமி இடுப்பில் கைவைத்து, "இழுத்துப் பாத்துரலாம்" என்றாள். செலஸ்தீனாவுக்கும் இழுக்கத்தான் ஆசை, அந்த ஆசையைப் பற்றிப் பின்னால் அவளே வெட்கமில்லாமல் சொன்னாள். ஆனால் தையல் விட்ட இடத்தில் சாக்கை வைத்து உட்கார்ந்திருப்பது யார் என்பது அவளுக்குத் தெரியும். "கப்பல் ரெண்டா கிழிஞ்சா எந்தப் பாதி யக்கா நமக்கு?" என்று கேட்டுவிட்டு, ஜொனெலிடம் அவன் பெண்டாட்டியின் நம்பரை வாங்கினாள்.

அந்தப் பேச்சை நாங்கள் எல்லோரும் தள்ளித் தள்ளி நின்று கேட்டோம். வீடியோவில் ரோவேனா தெரிந்தாள், சின்ன முகம், தோளில் ஒரு குழந்தை, பின்னால் சுவரில் மாதா படம். எங்கள் பெண்கள் தன்னால் சிலுவை போட்டுக்கொண்டார்கள், அதைப் பார்த்து அவளும் போட்டுக்கொண்டாள். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது கோட்டுக்காரி கொடுத்த சொற்கள் மட்டும்தான். பசி, அன்பு, பயம் என்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் என்ன என்று இருவருக்குமே அந்தச் செய்தியில் யாரும் சொல்லித் தரவில்லை.

"மை ஹவுஸ், ஷார்ட்டேஜ்" என்றாள் செலஸ்தீனா.

"மை ஹவுஸ் ஆல்சோ, ஷார்ட்டேஜ்" என்றாள் ரோவேனா.

"மை ஹஸ்பண்ட், வேர்ட்ஸ், ஸ்டாக் நில்." செலஸ்தீனா தன் வாயைத் தொட்டுக் காட்டினாள். "எவ்ரிடே, டிக்ளைன்."

ரோவேனா தலையை ஆட்டினாள், அவளுக்கு அது ஜொனெல் சொல்லித் தெரிந்திருந்தது. பிறகு குழந்தையின் சட்டையை விலக்கி நெஞ்சைக் காட்டினாள். "ஹார்ட், டேமேஜ். ஆபரேஷன், டெட்லைன். டாக்டர் சே, நோ டிலே." குழந்தையைக் காட்டி, பிறகு கடல் பக்கம் கையைக் காட்டி, "ஃபாதர், நெவர் டெலிவர்டு" என்றாள். அந்தக் குழந்தை அப்பனைப் போனில் மட்டும் பார்த்திருக்கிறது என்பதையும், அறுவைக்கு அது உள்ளே போகும்போது அவள் தனியாக வெளியே நிற்க வேண்டும் என்பதையும் அந்த மூன்று சொல்லில் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

செலஸ்தீனா திரும்பி எங்களைப் பார்த்தாள். நாங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் பார்த்தோம். மறுபடி போனைப் பார்த்தாள். "ஃபர்ஸ்ட் ப்ரயாரிட்டி, யூ" என்றாள். பிறகு போனை இன்னும் கிட்டே பிடித்து, "ஆஃப்டர், எக்ஸ்போர்ட் மை ஹஸ்பண்ட். ப்ளீஸ். ஃப்ராஜைல்" என்றாள், உடையும் சரக்குப் பெட்டியில் ஒட்டுகிற சொல்.

ரோவேனா கையை நெஞ்சில் வைத்தாள், குழந்தையின் கையையும் பிடித்து அதன் நெஞ்சில் வைத்தாள்.

விட்டுக் கொடுப்பது என்று சொல்லியாயிற்று, எப்படி விடுவது என்பது யாருக்கும் தெரியவில்லை. விளங்கிய சொல்லைத் திரும்ப விளங்காமல் ஆக்க முடியாது, முயன்று பார்த்தோம், முடியவில்லை. இன்னாசிக்குத்தான் ஒரு வழி தோன்றியது. அவர் வீடியோவில் ரோவேனா தெருவில் முடிவெட்டுகிறவரைக் கூப்பிடச் சொல்லி, தன் பூட்டிய கடையைக் காட்டினார், தெருவில் வரிசையாக எங்கள் தலைகளை நிறுத்திக் காட்டினார், தன் ஒற்றைக் கத்தரிக்கோலையும் காட்டினார். அந்தப்பக்கம் இருந்தவர் சிரித்துச் சிரித்து இருமினார், சிரிப்பு அடங்கியதும் அவர் கண் கலங்கியது, பேக்லாக் அவருக்குள் இறங்கிவிட்டது. கப்பல் கிழக்கே ஓரடி போனது. அதன்பிறகு வீட்டுக்கு வீடு தன் சொல்லைக் கொடுத்தது: லாசர் அண்ணாச்சி வெறும் பாத்திரத்தைக் காட்டி அழுதுகொண்டே கொடுத்தார், பிலோமி தகரத்தடியில் போய் நின்று கூடையோடு கொடுத்தாள், நான் என் மச்சினனைக் காட்டினேன், அந்த ஊரிலும் ஒரு மச்சினன் இருந்தான். எங்கள் சொல் எதுவும் எங்களை விட்டுப் போகவில்லை, ஆனால் அவர்கள் பக்கம் கூடிவிட்டது, முனகல் நின்றது, பச்சை அம்பு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போயிற்று.

ஷார்ட்டேஜை மட்டும் செலஸ்தீனா கொடுக்கவில்லை. அது ரோவேனாவிடம் ஏற்கெனவே இருந்தது.

ஜொனெல் இறங்கினான். குழந்தைக்கு அறுவை முடிந்து அது பிழைத்தது, அப்பன் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற படம் வந்தது, தெருவே அதைப் பார்த்தது. பிறகு மழைக்காலம் வந்தது. எங்கள் தகரத்தைப் பிரித்தார்கள், கோயிலைத் திறந்தார்கள், என் மச்சினன்கூட ஊருக்குப் போனான். அட்ரியானா இலோயிலோவுக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. இழுக்க எங்களிடம் சொல் இல்லை. கோட்டுக்காரி சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள், அத்தனையும் எங்களுக்கு விளங்கிப்போயிருந்தது. கையில் வந்த புருஷனை அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டாள் என்று செலஸ்தீனாவின் காதுபடவே பேசினார்கள். வலேரியனின் போனைப் பிடித்துக்கொள்ளவும் இப்போது ஜொனெல் இல்லை, அவளாகக் கூப்பிட்டால் அவன் எடுப்பான், மூச்சு மட்டும் கேட்கும். அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு, தான் செய்தது புண்ணியமா பைத்தியக்காரத்தனமா என்று தெரியாமல் அவள் உட்கார்ந்திருப்பாள். அவள் மிகவும் பயந்தாள், அதுதான் உண்மை.

பிறகு ஒருநாள் காலை அம்பு மேற்கே திரும்பியது. நீயா, நீயா என்று வீட்டுக்கு வீடு கேட்டுப் பார்த்தோம், யாரும் எதையும் புதிதாகப் படிக்கவில்லை. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாள் வெகுதூரம் வந்தது. பின்னால் கப்பல் தூத்துக்குடிக்கு வந்ததையும், வலேரியன் இறங்கியதையும், முகக்கவசத்தோடு அவன் தெருவில் நடந்ததையும் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஆனால் எப்போதம்மா உன் புருஷன் திரும்பி வந்தான் என்று செலஸ்தீனாவைக் கேட்டால், அந்த நாளைச் சொல்ல மாட்டாள். அம்பு திரும்பிய வாரத்தில், அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, அவன் போன் வந்த நாளைத்தான் சொல்வாள்.

"ஏட்டி, இந்த ஊர்க்காரிக பண்ணுத அநியாயத்தக் கேளு" என்றுதான் ஆரம்பித்தான். குரல் கரகரத்து இருந்தது, பூட்டிக் கிடந்த கதவைத் திறந்தது போல. "அந்த ரோவேனா இருக்கால்லா, அவ போன் போட்டு, இங்கிலீஷ் வார்த்தைய யார் வேணும்னாலும் இழுக்கலாம், உங்க ஊர் வார்த்தைய நாங்க படிச்சா கப்பல் உங்க ஊருக்குத்தான போவணும், ஒண்ணு சொல்லுன்னு நிக்கா. எனக்கு வாயில ஒண்ணும் இல்ல பாத்துக்க. அன்னைக்கு முழுக்கத் தேடுனேன். சாயங்காலம் 'வா' கெடச்சுது. அத வச்சுக்கிட்டு விட்டாளுவளா? அடுத்து என்ன, அடுத்து என்னன்னு தெருவே மாத்தி மாத்திக் கூப்பிடுது. முடிவெட்டுதவருக்கு ஒண்ணு, புள்ளைகளுக்கு ஒண்ணு. வெறும் வார்த்த போதாதாம், வெளங்கணுமாம், அப்பதான் நகருதாம். 'சோறு'ன்னா என்ன, எப்ப திம்பிய, யாரு போடுவா, சொல்லுங்காளுவ. ஒரு வார்த்தைக்கு நூறு வார்த்த தேட வேண்டியிருக்கு. தொண்டை போச்சு. 'கொழுந்தியா'ன்னா என்னன்னு வெளங்க வைக்க நான் பட்ட பாட்டச் சொன்னா நீ சிரிப்ப..."

செலஸ்தீனா சிரிக்கவில்லை, களைந்த அரிசியில் கைவைத்தபடியே அழுதுகொண்டிருந்தாள். அழுகிற சத்தம் அவன் பேச்சுக்கு நடுவில் விழுந்துவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவன் மூச்சு வாங்கினான். அவள் பக்கம் சத்தமே இல்லாததைக் கண்டு, போனை வைக்கப்போகிறாள் என்று நினைத்தான் போலிருக்கிறது.

"வச்சிராதட்டி" என்றான். "இன்னும் இருக்கு."

அவள் வைக்கவில்லை.